சாலையும் சினமும்

கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக் சாலை. காலை மணி ஏழரை. வேலைக்குச் செல்லும் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஊர்கின்றன. ஒரு காரில் ஒருவர் தனியே அமர்ந்திருக்கின்றார். கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருக்கின்றன, குளிர்சாதனம் இயங்குகின்றது, வானொலியில் பாட்டு ஒலிக்கின்றது. அவருடைய காருக்கும் அடுத்த வரிசைக் காருக்கும் இடையே குறுகிய சந்து ஒன்று. அதன் வழியே மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைகின்றன. அவற்றுள் ஒன்று காரின் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுத் திரும்பியும் பாராமல் மறைகின்றது.

காரோட்டியின் முகம் சிவக்கின்றது. ஹார்னை அழுத்துகின்றார். கேட்க வேண்டியவன் கேட்கும் தொலைவில் இல்லை. "கொசுக்கூட்டம்! இவர்களையெல்லாம் சாலையில் விடவே கூடாது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கின்றார். அடுத்து வருகின்ற மோட்டார் சைக்கிள், கண்ணாடியைத் தட்டியவனுடையது அன்று. எனினும் அவர் காரைச் சற்றே சாய்த்துச் சந்தை அடைக்கின்றார். வந்தவன் தடுமாறிக் காலை ஊன்றி நிற்கின்றான். காரோட்டியின் மனத்தில் ஒரு சிறு நிறைவு பிறக்கின்றது.

இந்தச் சினம் மலேசிய நகரங்களில் நாள்தோறும் எண்ணற்ற கார்களுக்குள் மூள்கின்றது. அலுவலகத்திலும் தேநீர்க் கடையிலும் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும் அது பேச்சாக வெளிப்படுகின்றது. பேசுவோர் படித்தவர்கள், பண்புள்ளவர்கள், வேறு எவரைப் பற்றியும் இவ்வளவு கடுமையாகப் பேசாதவர்கள். ஆனால் மோட்டார் சைக்கிளோட்டி என்றதும் அவர்களுடைய சொல்லில் தடையேதும் இருப்பதில்லை. அந்தச் சினத்திற்குக் காரணம் உண்டு. ஆயினும் அது இடம் தவறிய சினம். தமிழாசிரியர் உள்ளத்தில் குடிகொள்ளத் தகாத சினம்.

காரோட்டிகளின் குற்றச்சாட்டுகளை முதலில் நேர்மையாகக் கேட்டல் வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்போதே சந்திப்பைக் கடந்து செல்லும் மோட்டார் சைக்கிள்கள் உண்டு. ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் வருவோர் உண்டு. காரின் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுவோர் உண்டு. ஹார்ன் அடித்ததற்காகக் கார்க்கதவை உதைத்துவிட்டுச் செல்வோரும் உண்டு. புகைபோக்கியை மாற்றி ஊரையே எழுப்புவோர், பின்விளக்கு எரியாத வண்டியை இருளில் ஓட்டுவோர், நடைபாதையில் ஏறி நடப்பவரை ஒதுங்கச் செய்வோர் எனப் பட்டியல் நீளும். வார இறுதி இரவுகளில் 'மாட் ரெம்பிட்' என்று பெயர் பெற்ற இளைஞர்கள் பொதுச்சாலையைப் பந்தயத் திடலாக்கித் தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றனர். இவை யாவும் உண்மை. இவற்றை மறுப்பவர் சாலையில் சென்றறியாதவர்.

ஆனால் குற்றம் செய்தோர் சிலர் இருப்பதனாலேயே குற்றவாளிக் கூட்டம் ஒன்று இருப்பதாகக் கொள்ளுதல் அறிவுடைமை ஆகுமா? அவசரத் தடத்தில் புகுந்து வரிசையை முந்தும் கார்கள் இல்லையா? விளக்குக் காட்டாமலே தடம் மாறும் கார்கள் இல்லையா? ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் சக்கரமுமாகச் செல்வோர் இல்லையா? கடைவாசலில் இரண்டாம் வரிசையாகக் காரை நிறுத்திவிட்டு உணவருந்தச் செல்வோர் இல்லையா? அவர்களைக் காணும்போது, "அந்த ஆள் மோசமானவன்" என்று மட்டுமே சொல்லப்படுகின்றது. மோட்டார் சைக்கிளோட்டி ஒருவன் தவறு செய்தாலோ, "இவர்கள் எல்லாருமே இப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதப்படுகின்றது. காரோட்டியின் குற்றம் அவனோடு நின்றுவிடுகின்றது. மோட்டார் சைக்கிளோட்டியின் குற்றம் அவன் இனம் முழுமைக்கும் உரியதாகின்றது. எந்த மக்களை இழிவாகக் கருதுகின்றோமோ அவர்களைப் பற்றித்தான் மனிதமனம் இவ்வாறு கணக்கிடும். தோட்டப்புறத்துத் தமிழரைப் பற்றிப் பிறர் இதே முறையில் தீர்ப்புக் கூறிய காலத்தை மறந்துவிட்ட தமிழர் இருக்க முடியாது.

இனி, அந்தக் குற்றங்களுக்கு விலை கொடுப்பவர் யார் என்று காண வேண்டும். மலேசியச் சாலைகளில் 2016-ஆம் ஆண்டில் 7,152 பேர் மாண்டனர். 2019-ஆம் ஆண்டில் 6,167 பேர் மாண்டனர். ஒவ்வோர் ஆண்டும் இவ்வாறு மாள்வோருள் ஐந்தில் மூன்று பங்கிற்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. கண்ணாடிக்குள் அமர்ந்து சினப்பவரும் வெயிலில் வெந்து சினமூட்டுபவரும் ஒரே சாலையில்தான் செல்கின்றனர். ஆனால் அவர்கள் வைக்கும் பணயம் ஒன்றன்று.

இதற்கான காரணத்தை ஆறாம் ஆண்டு மாணவனும் அறிவான். ஒரு காரின் எடை ஓராயிரம் கிலோ அளவில் இருக்கும். 'கப்சாய்' என்று மக்கள் அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளின் எடை நூறு கிலோ அளவே. காரைச் சுற்றி இரும்புக்கூடு உண்டு, இருக்கைப் பட்டை உண்டு, காற்றுப்பை உண்டு. மோட்டார் சைக்கிளில் செல்பவனைச் சுற்றி இருப்பது அவன் சட்டை மட்டுமே. இரண்டும் உரசினால் காரில் கீறல் விழும். மோட்டார் சைக்கிளில் மனிதன் விழுவான். கீறலுக்குப் பட்டறை உண்டு. விழுந்த மனிதனுக்குப் பின்னால் வரும் லாரியின் சக்கரம் காத்திருக்கின்றது. எனவே, சந்தை அடைப்பதற்காகக் காரைச் சாய்ப்பவர் தாம் பாடம் கற்பிப்பதாக எண்ணுவது பெரும்பிழை. அந்தப் பாடத்தைக் கற்பவன் அதைப் பயன்படுத்த உயிரோடிருப்பான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வள்ளுவர் 'வெகுளாமை' என்று தனி அதிகாரமே வகுத்தார். அதன் முதற்குறளிலேயே சினம் பற்றிய நுட்பமான உண்மை ஒன்றைக் கூறுகின்றார். தன் சினம் பலிக்கக்கூடிய எளியவனிடத்து அதனை அடக்குவதே அடக்கம். பலிக்காத வலியவனிடத்து அடக்கினும் அடக்காவிடினும் வேறுபாடு ஒன்றுமில்லை என்பது அதன் கருத்து. இந்தக் குறளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்குவோர் சாலையில் நடப்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கட்டும். பத்துச் சக்கரம் கொண்ட மணல் லாரி ஒன்று விளக்குக் காட்டாமல் குறுக்கே புகுந்தால் காரோட்டி என்ன செய்கின்றார்? வாய்மூடி வேகத்தைக் குறைக்கின்றார். ஹார்னைக்கூட மெல்லத்தான் அழுத்துகின்றார். அதே தவற்றை ஒரு கப்சாய் செய்தாலோ அவருடைய வீரம் பொங்கி எழுகின்றது. லாரியிடம் காட்டிய பொறுமை அச்சம். கப்சாயிடம் காட்டும் சினம் வலிமையின் செருக்கு. இரண்டிலும் அறம் என்பது இல்லை.

மோட்டார் சைக்கிளில் செல்பவன் யார் என்பதையும் அறிதல் வேண்டும். விரும்பி ஓட்டுவோர் ஒரு சிலர். பெரும்பாலோர் வேறு வழியின்றி ஓட்டுவோர். தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு வேலையிடம் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போன அம்மக்களுக்கு வண்டியின் தேவை குறைவு. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. 1978-இல் சிலாங்கூரின் தலைநகராகிய ஷா ஆலாம் எழுந்து நிற்கும் நிலமும் முன்னாளில் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்ததே. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் நகரத்து ஓரங்களில் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். தொழிற்சாலை ஒரு திசையில். வீடு ஒரு திசையில். பள்ளிக்கூடம் இன்னொரு திசையில். இரவு வேலை முடியும் நேரத்தில் பேருந்து இல்லை. கார் வாங்க வழியில்லை. அந்நிலையில் தவணை முறையில் வாங்கிய மோட்டார் சைக்கிளே அவர்களுக்குக் காலாயிற்று. அந்தக் கால் இல்லையேல் அக்குடும்பத்திற்கு வேலையும் இல்லை. பிள்ளைக்குப் பள்ளியும் இல்லை.

அண்மைக் காலத்தில் இவர்களோடு மற்றொரு கூட்டமும் சேர்ந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நாடே வீட்டிற்குள் அடைபட்டது. அந்நாள்களில் சோறும் மருந்தும் பொட்டலங்களும் வீட்டு வாசலுக்கு வந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர் மோட்டார் சைக்கிளோட்டிகள். வேலை இழந்த பலர் அத்தொழிலில் புகுந்தனர். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. எத்தனை பொட்டலம் சேர்க்கின்றனரோ அத்தனைக்கே கூலி. நின்றால் வருமானமும் நின்றுவிடும். விரைந்து வரும் அந்த இளைஞனைச் சாலையில் வைபவர், மாலையில் தம் வீட்டுக்கு வர வேண்டிய உணவு பத்து நிமிடம் தாமதித்தால் கைப்பேசியை எடுத்துக் குறை கூறுகின்றார். அவனை விரையச் செய்வதும் அவரே. விரைகின்றான் என்று பழிப்பதும் அவரே. இம்முரண்பாட்டை அவர் உணர்வதில்லை.

"மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதானே? கார்கள் நிற்கவில்லையா?" என்று கேட்பார் உண்டு. நியாயம் போலத் தோன்றும் கேள்வி இது. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, சிறிய மோட்டார் சைக்கிளின் இயந்திரம் காற்றால் குளிர்விக்கப்படுவது; ஓடினால்தான் அதற்குக் காற்று. அதன்மேல் அமர்ந்திருப்பவனுக்கும் அவ்வாறே. தலைக்கவசமும் மேலாடையும் அணிந்து, முன்னால் நிற்கும் பேருந்தின் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டு, நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் நிற்றல் எளிதன்று. இரண்டாவது விடை காரோட்டியின் சொந்த நலத்தைப் பற்றியது. ஒரு கார் நான்கு மீட்டர் நீளம் உடையது. அதில் பெரும்பாலும் ஒருவரே செல்கின்றார். சந்தின் வழியே செல்லும் நூறு மோட்டார் சைக்கிளோட்டிகளும் நாளை நூறு கார்களில் வந்தால் என்ன ஆகும்? இடைவெளியே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் வரிசை நானூறு மீட்டர் நீளும். இன்று காரோட்டி வேலையிடத்தை ஓரளவேனும் காலத்தோடு சேர்கின்றார் என்றால், அதற்கு அந்த நூறு பேர் கார் வாங்க இயலாமையும் ஒரு காரணம். தமக்கு வழிவிட்டு நிற்பவரையே வழிமறிப்பவர் என்று அவர் ஏசுகின்றார்.

"அவர்கள் டோல் கட்டுவதில்லையே" என்பது மற்றொரு முறையீடு. நெடுஞ்சாலைகள் பெரும்பாலானவற்றில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டண விலக்கு உண்டு என்பது உண்மையே. அது சலுகையென்றால், மழை பெய்யும்போது அதன் மதிப்புத் தெரியும். மழை தொடங்கியதும் மேம்பாலத்தின் கீழே சாலையோரத்தில் மோட்டார் சைக்கிளோட்டிகள் கூட்டமாக ஒதுங்கி நிற்பதை எல்லாரும் கண்டிருப்பர். தண்ணீர் தெறிக்க விரையும் வண்டிகளுக்கு ஓரடி தொலைவில் அவர்கள் நிற்கின்றனர். அவர்களாலே தடம் குறுகிவிட்டது என்று காரோட்டி அங்கும் முகம் சுளிக்கின்றார். கட்டணம் செலுத்தாதவர்க்குச் சாலையில் உரிய இடமும் அவ்வளவே போலும்!

உண்மையில் அந்த இடத்தை ஒதுக்கும் பொறுப்பு யாருடையது? இங்கேதான் சினம் தன் இலக்கைத் தவறவிடுகின்றது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் 1970-களின் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டது. உலகில் இத்தகைய தடம் அமைத்த முன்னோடி நாடுகளுள் மலேசியா ஒன்று. அத்தடம் 1990-களில் ஷா ஆலாம் பகுதியில் நீட்டிக்கப்பட்டபின் நிகழ்த்திய ஆய்வில், மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்தமை கண்டறியப்பட்டது. மனிதரின் குணத்தை எவரும் மாற்றவில்லை. சாலையின் அமைப்பைத்தான் மாற்றினர். அதுவே உயிர்களைக் காத்தது. அறிவுரையால் ஆகாதது ஒரு தடுப்புச் சுவரால் ஆயிற்று.

அவ்வளவு நல்ல தொடக்கம் கண்ட நாட்டில், நகரச் சாலைகள் பெரும்பாலானவற்றில் இன்றும் அத்தகைய தடம் இல்லை. இருக்கும் தடங்களிலும் சில பகுதிகள் குறுகியவை, இருளடைந்தவை, மழைநீர் தேங்குபவை. நாட்டில் பதிவுபெற்ற வண்டிகளுள் ஏறக்குறையப் பாதி மோட்டார் சைக்கிள்கள். இருப்பினும் சாலைகள் காருக்கென்றே வகுக்கப்படுகின்றன. தனக்கு இடம் ஒதுக்காத சாலையில் ஒருவன் இருக்கும் சந்தில் புகுகின்றான். சந்தில் புகுந்தவனைச் சினக்கும் காரோட்டி, தடம் வகுக்காதவரைச் சினப்பதில்லை. தம் தொகுதி மக்கள் பிரதிநிதிக்கு மோட்டார் சைக்கிள் தடம் வேண்டி ஒரு கடிதம் எழுதிய காரோட்டிகள் எத்தனை பேர்? ஹார்னை அழுத்தச் செலவிட்ட ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கை அதற்குச் செலவிட்டிருந்தால் காரோட்டிக்கும் நிம்மதி கிட்டியிருக்கும்.

சட்டம் தன் கடமையைச் செய்த இடங்களில் பயன் விளைந்திருக்கின்றது என்பதையும் குறிப்பிட வேண்டும். தலைக்கவசம் அணிதல் 1973-இல் கட்டாயமாக்கப்பட்டது. பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிதல் வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. அவ்விதி ஏன் தேவைப்பட்டது? சந்திப்பில் நிற்கும் காரோட்டி மோட்டார் சைக்கிள் வரும் திசையைப் பார்க்கின்றார்; ஆயினும் மோட்டார் சைக்கிளைக் காண்பதில்லை. அவருடைய கண் காரையும் லாரியையும் தேடிப் பழகியது. மெல்லிய உருவம் அதில் படுவதில்லை. பட்டாலும் அதன் வேகம் விளங்குவதில்லை. "நான் பார்த்தேனே, ஒன்றும் வரவில்லையே" என்று விபத்துக்குப்பின் அவர் சொல்வது பொய்யன்று. அந்த ஒரு விளக்கினால், கண்ணுக்குப் படாமையால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தன என்று ஆய்வு கூறியது. காரோட்டியின் கண்ணுக்குப் புலப்படுவதற்காகப் பட்டப்பகலில் விளக்கேற்றிச் செல்லும் மனிதன், அவருடைய கருத்துக்குப் புலப்பட இன்னும் எந்த விளக்கை ஏற்ற வேண்டும்?

இவ்விடத்தில் தமிழாசிரியரின் பங்கு தொடங்குகின்றது. அவர்கள் ஆளும் கருவி மொழி. சாலையைப் பற்றி மாணவருக்குக் கற்பிக்கப்படும் மொழி எத்தகையது?

'நான் கண்ட சாலை விபத்து' என்பது தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் கட்டுரைத் தலைப்பு. அதற்கு மாணவர் மனனம் செய்யும் வாய்பாடு எல்லாருக்கும் தெரிந்ததே. மோட்டார் சைக்கிளோட்டி ஒருவன் கண்மண் தெரியாமல் வருகின்றான். சிவப்பு விளக்கை மீறுகின்றான். 'டமார்' என்ற ஓசை கேட்கின்றது. அவன் இரத்த வெள்ளத்தில் கிடக்கின்றான். அவசர வண்டி வருகின்றது. கட்டுரை அறிவுரையோடு முடிகின்றது. கார் விளக்குக் காட்டாமல் திரும்பிற்று என்றோ, கார்க்கதவு திடீரெனத் திறந்தது என்றோ எழுதும் மாணவன் அரியவன். ஏனெனில், ஆசிரியர் தந்த மாதிரிக் கட்டுரையில் அது இல்லை. அம்மாணவன் அன்று காலை தந்தையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து பள்ளிக்கு வந்தவனாக இருக்கலாம். வழியில் எத்தனை கார்கள் தந்தையை ஓரத்திற்கு நெருக்கின என்பதைக் கண்ணால் கண்டவனாக இருக்கலாம். கண்டதை எழுதாமல் மனனம் செய்ததை எழுதி அவன் நல்ல மதிப்பெண் பெறுகின்றான். தந்தையைக் குற்றவாளியாக்கும் கட்டுரைக்கு மகன் பரிசு வாங்குகின்றான்.

செய்தித் தலைப்புகளும் இவ்வாறே. 'காரில் மோதி மோட்டார் சைக்கிளோட்டி பலி' என்று ஒரு தலைப்பு அமைந்தால், அதில் மோதியவன் யார்? இலக்கணப்படி மோட்டார் சைக்கிளோட்டியே எழுவாய். மோதுதல் அவன் வினை. உள்ளே படித்தால், சந்திப்பில் திடீரெனத் திரும்பிய கார் அவன் வழியை மறித்த செய்தி இருக்கக்கூடும். இறந்தவனையே வினைமுதலாக்கிவிட்டுக் காரைச் சுவர் போல அசைவற்று நிறுத்திவிடுகின்றது அந்த வாக்கியம். எழுவாயும் செயப்படுபொருளும் கற்பிக்கும் ஆசிரியர், இத்தகைய தலைப்பை வகுப்பில் எழுதி, "இங்கே செய்தவர் யார்? செயலுக்கு உட்பட்டவர் யார்?" என்று ஒருநாள் கேட்கட்டும். இலக்கணப் பாடம் அறப்பாடமும் ஆகும். 'கொசு', 'எறும்பு', 'தொல்லை' என்னும் சொற்களை ஆசிரியர் அறையிலிருந்து நீக்குதலும் அப்பாடத்தின் ஒரு பகுதியே. கொசுவை அடிப்பதில் எவருக்கும் உறுத்தல் இல்லை. மனிதனைக் கொசு என்று சொல்லிப் பழகிய நாவுக்குப் பின்னே கையும் பழகிவிடும்.

இவ்வளவு கூறியதால் மோட்டார் சைக்கிளோட்டியின் பிழைகள் பொறுக்கப்பட்டன என்று எவரும் கொள்ளற்க. எளியவன் என்பது விதியை மீறுவதற்கு உரிமம் அன்று. சிவப்பு விளக்கில் நில்லாதவன் முதலில் தன் மனைவி மக்களுக்குத் தீங்கு செய்கின்றான். கார்களுக்கிடையே செல்ல நேர்ந்தால் மெல்லச் செல்லுதல் வேண்டும். லாரியின் பக்கத்தில் ஓட்டுநர் கண்ணுக்குப் படாத இடத்தில் தொடர்ந்து செல்லுதல் தற்கொலைக்கு ஒப்பு. கண்ணாடியைத் தட்டியவன் நின்று, கையுயர்த்தி, மன்னிப்புக் கேட்டால் அந்த இடத்திலேயே பாதிச் சினம் தணியும். இந்நாட்டில் 16 வயது நிரம்பியவர் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம். அவ்வயதை எட்டாத பிள்ளையிடம் 'கடைக்குத்தானே' என்று சாவியை நீட்டும் பெற்றோர், பிள்ளை மீதுள்ள அன்பினால் அதைச் செய்வதாக எண்ணற்க. மாட் ரெம்பிட் பந்தயத்தில் மாண்ட மகனுக்காக அழும் தாய்க்குச் சாலை அமைப்பின் குறைகளை எடுத்துரைப்பது ஆறுதல் ஆகாது. ஆனால் இவ்வறிவுரைகளைக் கூறும் தகுதி, மோட்டார் சைக்கிளோட்டியை மனிதனாக மதிப்பவருக்கே உண்டு. வெறுப்பவர் சொல்லும் அறிவுரை ஏச்சாகவே கேட்கும்.

காலை ஏழு மணிக்கு ஒரு தமிழ்ப்பள்ளியின் வாயிலில் நின்று பார்ப்பவர் இவ்வழக்கின் உண்மையைக் கண்ணாரக் காணலாம். மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன. காற்றும் தூசியும் படாதிருக்க மேலாடையை முன்பின்னாகத் திருப்பி அணிந்த தந்தை. அவருக்கு முன்னால் சிறுமி. பின்னால் அண்ணன், முதுகில் தன்னைவிடப் பெரிய புத்தகப்பை. தந்தையின் தலையில் கவசம் உண்டு. மகனுக்கு இருப்பது பெரியவர் கவசம், தாடைப்பட்டை மாட்டப்படாமல் ஆடுகின்றது. சிறுமிக்கு இரட்டைச் சடையும் ரிப்பனும் மட்டுமே. அதே வாயிலில் ஆசிரியரின் கார் நுழைகின்றது. மோட்டார் சைக்கிள்கள் வழியை அடைத்து நிற்கின்றன. ஆசிரியர் ஹார்னை அழுத்துகின்றார். தந்தை பதறி வண்டியை ஓரம் தள்ளுகின்றார். இறங்கிக்கொண்டிருந்த சிறுமி தடுமாறுகின்றாள். பத்து நிமிடம் கழித்து அந்த ஆசிரியர் வகுப்பில் நின்று, "வணக்கம் மாணவர்களே" என்கின்றார். அச்சிறுமி எழுந்து நின்று, "வணக்கம் ஆசிரியரே" என்கின்றாள். யாருடைய ஹார்னுக்குத் தன் தந்தை பதறினார் என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த வாயிலிலிருந்தே மாற்றம் தொடங்கலாம். அதற்கு அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் வருவோர் பிள்ளைகளை அச்சமின்றி இறக்கிவிட வாயிலருகே தனியிடம் ஒதுக்கலாம். கார்கள் சிறிது தள்ளி நிற்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்துக்கும் மேடைக்கும் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைச் சிறுவர் தலைக்கவசங்களுக்குச் செலவிடலாம். கவசத்தின் பட்டையை எவ்வாறு இறுக்குவது என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் அதன் தந்தைக்கும் ஒரே நாளில் கற்பிக்கலாம். 'நான் கண்ட சாலை விபத்து' என்ற தலைப்போடு 'என் தந்தையின் மோட்டார் சைக்கிள்' என்ற தலைப்பையும் கொடுத்துப் பார்க்கலாம். மாணவர் கண்டு வைத்திருப்பவை அப்போது வெளிவரும். நாளை கார் வாங்கப்போகும் மாணவனும் அதே வகுப்பில்தான் அமர்ந்திருக்கின்றான். கண்ணாடி பார்த்துவிட்டுக் கதவைத் திறத்தல், திரும்புமுன் விளக்குக் காட்டுதல், சந்தில் வருபவனுக்கு அரையடி ஒதுங்குதல் ஆகிய பழக்கங்களை அவன் உரிமத் தேர்வுக்கு முன்பே அறநெறியாகக் கற்றிருக்க வேண்டும்.

நகரத்தில் நாளையும் நெரிசல் இருக்கும். ஜாலான் துன் ரசாக்கில் கார்கள் நாளையும் ஊரும். சந்தின் வழியே மோட்டார் சைக்கிள்கள் நாளையும் வரும். காரோட்டி தம் பக்கக் கண்ணாடியில் ஒரு முன்விளக்கைக் காண்பார். அதற்குப் பின்னால் இருப்பவன் இரவு வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளியா, யாருக்கோ மருந்து கொண்டு செல்லும் இளைஞனா, பள்ளிவாயிலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேலைக்கு விரையும் தந்தையா என்பதை அவர் அறியமாட்டார். அறிய வேண்டியதும் இல்லை. சக்கரத்தைச் சிறிதே திருப்பி அரையடி ஒதுங்கினால் போதும். அவருடைய பயணத்தில் ஒரு நொடியும் குறையப் போவதில்லை. அந்த அரையடியைத் தர மனம் வராதவர் மாணவருக்கு வெகுளாமையைக் கற்பிக்கப் புகாதிருத்தல் நன்று.